பெட்டிக்குப் பக்கத்து இடம்

அந்த அறையில் மூன்று கம்பியூட்டர். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. சுவரோரம் ஆட்கள் இருக்க ஒரு மர வாங்கு. வாங்கில் என் மனைவி ஜெசிந்தா. மடியில் கைப்பை. கையில் கொக்கி ஊசியும் வெள்ளை நூலும்.

நான் முன்னால் நாற்காலியில். கையில் மவுஸ். வியர்வையில் அது வழுக்கியது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி அது. ரயில் போனால் திரை ஆடும். சத்தம் அடங்கும்வரை குமார் மாஸ்டர் வாய் திறக்கமாட்டார். யாழ்ப்பாணத்து ஆள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளமை. நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னை அண்ணை என்பார்.

"அண்ணை, இப்ப செய்த வேலை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

திரையைக் காட்டினேன். "இந்தா இருக்கு."

"அது கண்ணுக்குத் தெரியுறது. கரண்ட் போனால் எங்க இருக்கும்?"

யோசித்தேன். தெரியவில்லை.

"எங்கயும் இருக்காது," என்றது பின்னால் ஒரு குரல். "இன்னும் சேவ் பண்ணல்லயே."

ஜெசிந்தா. ஊசியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சரியாச் சொன்னியள் அக்கா!"

எனக்குக் காது சுட்டது. ரயில் ஒன்று வந்தால் நல்லது என்று நினைத்தேன். வரவில்லை.

துணைக்கு வந்தவள்

அவள் படிக்க வந்தவள் இல்லை. துணைக்கு வந்தவள்.

யுத்த காலம். சமாதானம் என்று சொல்லிக் கொஞ்ச நாள் எடுத்துவைத்த செக்பொயின்ட்களை எல்லாம் திரும்பவும் போட்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் இரண்டு மூன்று இடத்தில் இறக்கி ஏற்றுவார்கள். தமிழ் ஆம்பிளை. தனி ஆள். பைக்குள் வயரும் குறடும். சொல்லவா வேண்டும்.

அதனால் எங்கள் பக்கத்து ஆண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தூரம் போனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவது. மனைவி இல்லாதவன் அக்காவைக் கூட்டிப்போவான். பொம்பளை பக்கத்தில் நின்றால் அவர்கள் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறும். எப்போதும் இல்லை. அநேகமாக.

யார் இது என்று சிங்களத்தில் கேட்பான் ஆமிக்காரன். "மே கவுத?"

"மகே நோனா, சேர்." என் மனைவி என்பேன்.

ஜெசிந்தா கழுத்துச் சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டிருப்பாள். அளவாகச் சிரிப்பாள். அடையாள அட்டை திரும்பி வரும். ஏறுவோம்.

இப்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். வாங்கில் இருந்தாள். பின்னினாள். அவள் பின்னுவது எங்கள் வேதக் கோயில் பீடத்துத் துணிக்கு விளிம்பு. பக்கத்தில் கட்டம் போட்ட தாள் ஒன்று கிடக்கும். கறுத்த கட்டம் வந்தால் நூலால் நிரப்பவேண்டும். வெள்ளைக் கட்டம் வந்தால் ஓட்டை விடவேண்டும். முடியும்போது அதில் திராட்சைக் குலை தெரியும்.

அது நூல் வேலை. என் வேலை கரண்ட் வேலை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

உருளைக் காலம்

என் வேலை பெருநாள் லைட். கோயில் பெருநாளுக்குப் பந்தல் கட்டி, பந்தலில் சம்மனசு என்கிற தேவதூதனும் பூவும் நட்சத்திரமும் பல்பில் எரிய வைப்பது. புத்தருக்கு வெசாக் வந்தால் வெசாக் பந்தல். ஜிந்துப்பிட்டியில் முருகனுக்கு வேல் விழா. எங்கள் கைக்கு எல்லாச் சாமியும் ஒன்றுதான்.

பல்ப் மாறி மாறி எரிவதற்கு அந்த நாளில் மர உருளை. உருளையில் செப்புத் தகடு வெட்டி அடித்திருக்கும். மோட்டர் சுற்றும். தகடு எங்கே தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகட்டை வெட்டுகிறவன்தான் லைட் எப்படி ஓடும் என்று முடிவு செய்கிறவன். எங்கள் கடையில் அது நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனால் சம்மனசு செட்டை அடிக்க எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று என் கைக்குத் தெரியும்.

உருளை இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டும். புனிதரின் சொரூபம் கோயில் வாசலுக்கு வரும்போது அவன்தான் சுவிட்சைப் போடுவான். பந்தல் உயிர் பெறும். சனம் "ஆ" என்னும். அந்த இடத்தில் பல வருசம் நின்றவன் நான். வெள்ளைச் சட்டை போட்டு நிற்பேன். யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த இடத்தைத்தான் சொல்கிறேன். இந்தக் கதை முழுக்க அந்த இடம்தான்.

புதுப் பெட்டி

முதலாளி சிங்கப்பூர் போய் வந்தார். ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார். கூடவே எல்.ஈ.டி மாலைகள். பல்ப் இல்லை, உருளை இல்லை, மோட்டர் இல்லை. கம்பியூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கேபிளால் பெட்டிக்குள் அனுப்பினால் மாலை அப்படியே எரியும்.

எல்லோரையும் கூப்பிட்டு மேசையில் வைத்துக் காட்டினார். சிவப்பு ஓடியது. பச்சை துரத்தியது. பந்தல் கட்டுகிற ராசு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"தாசன், நீ பழகு," என்றார் முதலாளி. "வெள்ளவத்தையில் ஒரு மாஸ்டர் இருக்கார். பெருநாளுக்குள்ள பழகினா பெட்டி உன்ட கையில. இல்லாட்டி இரத்மலானையில ஒரு பொடியன் இருக்கான். அவனைக் கொண்டு வாறன். நீ ராசுவோட மேல ஏறு."

ராசு என் முதுகில் தட்டினான். "வாங்க அண்ணே, மேல காத்து நல்லா இருக்கும்."

முதல் நாளே மாஸ்டரிடம் கேட்டேன். "லைட் ஓட்டுறது எப்படி? அதைச் சொல்லுங்க."

"அது கடைசி, அண்ணை. முதல்ல ஃபைல் எண்டால் என்ன, ஃபோல்டர் எண்டால் என்ன. பேர் வைக்கிறது, கொப்பி எடுக்கிறது, தேடி எடுக்கிறது. இது இல்லாமல் அங்க போனால் மண்டை காயும்."

என் மண்டை இங்கேயே காய்ந்தது. டபிள் கிளிக் என்றால் இரண்டு தட்டு. என் விரல் ஆணி பிடித்த விரல். முதல் தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மவுஸ் நகர்ந்துவிடும். ஒரு நாள் ஃபோல்டர் ஒன்றை இழுத்துக்கொண்டு போய் இன்னொன்றுக்குள் போட்டுவிட்டேன். அரை மணித்தியாலம் தேடினோம்.

"மற்ற ஃபோல்டருக்குள்ள பாருங்க," என்றாள் வாங்கில் இருந்தவள்.

அங்கேதான் இருந்தது.

மெயின்

முன்பு ஒரு முறை கரண்ட் அடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் விழுந்துவிட்டது. எந்த வயரைத் தொடுவதென்றாலும் முதலில் மெயின் சுவிட்சை அடித்துக் கரண்டை நிறுத்துவேன். யோசிக்கமாட்டேன். கை தானாகப் போகும். எங்கள் தொழிலில் உயிரோடு இருக்கிற எல்லோருக்கும் அந்தக் கை இருக்கிறது.

கம்பியூட்டரிலும் அதே கைதான். கேபிளைக் கழற்றச் சொன்னால் சுவர் சுவிட்சை அடிப்பேன். திரை டப்பென்று இருளும்.

"ஐயோ அண்ணை! இது உருளை இல்லை!"

உருளையில் அடித்த தகடு கரண்ட் போனாலும் அங்கேயே இருக்கும். பத்து வருசம் கழித்துச் சுற்றினாலும் அதே சம்மனசு வரும். இந்தச் சாமான் அப்படி இல்லை. செய்ததை உள்ளே வை என்று ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மறந்துவிடும். எனக்கு அது புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாஸ்டர் பொறுமை இழந்தார். என்னிடம் கோபிக்கவில்லை. அது இன்னும் மோசம். வாங்கைப் பார்த்து, "அக்கா, நீங்களும் வந்து இருங்கோவன். கதிரை சும்மாதானே கிடக்கு," என்றார்.

"எனக்கு என்னத்துக்கு மாஸ்டர்? நான் சும்மா வந்தனான்," என்றாள்.

சொல்லிக்கொண்டே எழும்பினாள். நூலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே எழும்பினாள்.

மவுஸைப் பிடித்தாள். டக் டக். ஃபோல்டர் திறந்தது. ஒரே மூச்சில் இரண்டு தட்டு. கட்டம் போட்ட திரை வந்ததும் சிரித்தாள். "இது என்ட தாள் மாதிரித்தானே!"

"அக்காவுக்குக் கை நல்லா வருது," என்றார் மாஸ்டர்.

நான் கடலைப் பார்த்தேன். அந்த யன்னலால் கடல் ஒரு சாண் அகலம்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். "என்னாங்க, கோவமா?"

"இல்ல."

"பின்ன ஏன் டிக்கட்டைத் தின்னுறீங்க?"

பார்த்தால் டிக்கட்டின் ஒரு மூலை என் வாயில் இருந்தது.

தனியாகப் போன சனிக்கிழமை

அடுத்த கிழமை அவளுக்குச் சொன்னேன். "நீ வரவேணாம். நான் போய் வாறன்."

"தனியாவா? செக்கிங்ல பிடிப்பாங்க."

"பார்த்துக்கலாம்."

நான் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். காரணம் அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

கொள்ளுப்பிட்டி தாண்டவில்லை. இறக்கினார்கள். பைக்குள் எல்.ஈ.டி மாலை ஒன்று. பழக எடுத்துப்போனது. இது என்ன என்றான் ஆமிக்காரன். லைட் என்றேன். எரிய வை என்றான். கரண்ட் இல்லாமல் எப்படி எரிய வைப்பது? அங்கேயே இருத்தினார்கள். வெயில். தார் ரோட்டு மணம். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. அவர்களின் பெரிய அதிகாரி ஒருவர் வரவேண்டும் என்றார்கள். வந்தார். பார்த்தார். சிரித்தார். போ என்றார்.

வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா வரேல்லையோ?" என்றார். நான் ஏன் பிந்தினேன் என்று கேட்கவில்லை. அக்கா வரவில்லையா என்றுதான் கேட்டார்.

அன்று நடத்த இருந்த பாடம் பெட்டிக்குள் அனுப்புவது. அது எனக்கு இல்லாமல் போனது. அதற்கடுத்த சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போனோம். மாஸ்டர் அதை அவசரமாகச் சொல்லிக்கொடுத்தார். நான் பாதி பிடித்தேன். மற்றப் பாதியை யார் பிடித்தது என்று எழுதவேண்டியதில்லை.

வீட்டிலும் கேட்டிருக்கலாம். பாய்க்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவள்தானே. நான் கேட்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை.

பெருநாள்

கம்பியூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றித் திரீவீலரில் கொண்டுவந்தோம். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் மேசை. வாசலுக்கு நேரே பந்தல். பந்தலுக்கும் கம்பியூட்டருக்கும் ஒரே மெயின். அப்படி இழுத்தது நான். வயர் மிச்சம்.

மத்தியானத்திலிருந்து வரைந்தேன். ஒரு கட்டம், ஒரு தட்டு. நடுவில் சம்மனசு. இரண்டு பக்கமும் செட்டை. பிழைத்தால் அழித்தேன். திரும்ப வரைந்தேன். கண் எரிந்தது. பொழுது சாயும் நேரம் முடித்தேன். நானே முடித்தேன். யாரையும் கேட்கவில்லை.

ஜெசிந்தா தேத்தண்ணி கொண்டு வந்தாள். பெருநாள் சாரி. எட்டிப் பார்த்தாள். "வடிவா இருக்கு," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

பெட்டிக்கு அனுப்பத் தொடங்கினேன். திரையில் ஒரு நீலக் கோடு. மெதுவாக நகர்ந்தது.

அப்போது பந்தலின் மேலிருந்து ராசு கத்தினான். "தாசண்ணே! இங்க புகையுது!"

என் கை போனது. மெயினை அடித்தேன்.

ராசுவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஜொயின்ட் இளகியிருந்தது. ஏறி முறுக்கி நாடா சுற்றினேன். இறங்கி வந்து மெயினைப் போட்டேன். கம்பியூட்டர் எழும்ப அதன் நேரம் எடுத்தது. கட்டத் திரை வந்தது.

வெறும் கட்டம். ஒன்றிலும் நான் போட்ட மஞ்சள் இல்லை.

முதலாளி பின்னால் நின்றார். "உள்ளுக்கு வச்சியா?"

"இல்ல."

"பெட்டிக்குள்ள?"

"பாதியில நிண்டுட்டு."

உள்ளே பூசையில் நற்கருணைப் பாட்டு தொடங்கிவிட்டது. அது முடிந்தால் கொஞ்ச நேரம். பிறகு சொரூபம் வெளியே வரும். பவனி ஒன்பது மணிக்கு முன் திரும்பவேண்டும் என்று பொலிசில் எழுதிக் கொடுத்திருந்தது. பிந்த முடியாது.

"சரி. எல்லாத்தையும் சும்மா எரிய விடு," என்றார் முதலாளி. "நாளைக்கு இரத்மலானைக்கு ஆள் அனுப்புறன்." குரலை உயர்த்தவில்லை.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். முதலாளியை இல்லை. என்னை.

"நான் போடட்டா?"

நான் எழும்பினேன். அவ்வளவுதான். ஓம் என்று சொல்லவில்லை.

சாரித் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கதிரையில் இருந்தாள். "நடு மாலை எத்தனையாம் கட்டம்?"

"பதினாலு."

"செட்டை?"

"ரெண்டு பக்கமும் ஆறு ஆறு."

டக் டக் டக். ஒரு வரி முடிந்ததும் சேவ். அடுத்த வரி. சேவ். தாள் இல்லை. பின்னிப் பின்னி மனப்பாடமான ஏதோ ஒன்றைப் போட்டாள்.

"உங்கட லைட் போல வேகமா ஓடுறது எனக்கு வராது. இது மெதுவாத்தான் வரும்."

"நேரம் இல்ல ஜெசிந்தா!"

"மெதுவா வாறது லைட்டு. நான் இல்ல."

ராசு மூங்கிலில் தொங்கிக்கொண்டு சிரித்தான். "அண்ணே, அப்ப வீட்டில இனி சோறு நீங்களா?"

நீலக் கோடு திரும்பவும் நகர்ந்தது. நான் என் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். கோடு முடிந்தது.

மணி அடித்தது. கதவு திறந்தது. சாம்பிராணிப் புகை முதலில் வந்தது. பிறகு சொரூபம்.

நான் பெட்டியை நோக்கி ஒரு அடி வைத்தேன். "நோனா, போடுங்க," என்றார் முதலாளி. அவள் போட்டாள்.

என் லைட் எப்போதும் ஓடும். இது ஓடவில்லை. இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு கண்ணாக நடுவுக்கு வந்தது. நூல் இழுத்த மாதிரி. ஒரு கொடி. அதில் இலை. இலைக்குப் பிறகு குலை. கடைசியில்தான் சம்மனசு தெரிந்தது. செட்டை அடிக்கவில்லை. மெல்ல விரிந்தது. நின்றது.

சனம் "ஆ" என்று சொல்லவில்லை. சத்தமே இல்லை. சொரூபம் தூக்கியவர்கள்கூட ஒரு கணம் நின்றார்கள்.

எனக்குத் தொழில் தெரியும். அதனால் எனக்குத்தான் கூடத் தெரியும் அது எவ்வளவு நல்லது என்று. என்னுடையதைவிட நல்லது. மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கு நான் அவளுக்காக வருத்தப்பட்டிருப்பேன். தோளில் கை வைத்திருப்பேன்.

"என்னாங்க!" அவள் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்டது. "இடது செட்டையில நாலாவது மாலை எரியல்ல. கொஞ்சம் பாருங்களேன். மெயினை அடிக்காதீங்க!"

சிரித்தார்கள். நான் ஏறினேன். வெள்ளைச் சட்டையோடு ஏறினேன்.

மேலே ராசு இடம் விட்டான். கீழே பங்குச் சுவாமி முதலாளியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"இந்த வருசம் லைட் ஆர்? இப்பிடி ஒரு நாளும் இருக்கல்லயே."

"இந்தா, இவங்கதான் சுவாமி. தாசன்ட நோனா. இனிப் பெட்டி இவங்கட பொறுப்பு."

மாலையில் ஒரு வயர் விட்டிருந்தது. பிடித்து முறுக்கினேன். எரிந்தது. கீழே யாரோ கை தட்டினார்கள்.

ராசு மெதுவாகச் சொன்னான். "அண்ணே, அக்கா உங்களைத்தான் பாக்கிறா."

நான் பார்க்கவில்லை. வயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வயரில் முறுக்குவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.